பச்சை இனிக்கும்

ஜனவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பனியன்கள் காணாமல் போனதற்குக் காற்றைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். காற்று பாவம். எடுத்தது நான். பாலிஷ் துடைக்கப் புதுத் துணி உதவாது, கோடு போட்டுவிடும். வருஷக்கணக்கில் வியர்வை குடித்து, துவைத்துத் துவைத்து நூல் செத்துப்போன பனியன்தான் வண்டிக்குப் பட்டு. அப்படிப்பட்ட பனியனை இன்னும் வெட்கமில்லாமல் மாட்டிக்கொண்டு திரிகிற ஆள் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான்.

என்னோடு பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தது உங்கள் வாய். கண் ஒன்றும் சத்தியம் செய்யவில்லையே, படியுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது உங்களுக்குத் தெரியும். பிழை இருந்தால் நீங்களே தட்டி நேராக்கிக்கொள்ளுங்கள். நசுங்கின தகரத்தைத் தட்டி நேராக்குவதுதானே உங்கள் தொழில்?

இடத்தைச் சொல்கிறேன். பெரிய வீடு. வண்டிக்கென்றே பின்னால் ஒரு கூடம். மூன்று பக்கம் சுவர், ஒரு சுவரில் ஆள் போகிற கதவு, நாலாவது பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஜன்னல் இரண்டு உண்டு, ஆனால் தூசி வரும் என்று விளிம்பெல்லாம் டேப் ஒட்டி அடைத்திருக்கிறார் வீட்டுக்கார ஐயா. மூலையில் எனக்குக் கட்டில். நடுவில் வண்டி. என் அப்பா அரைக்கால் சட்டை போட்ட காலத்து மோட்டார் கார். மூக்கு நீளம், உங்கள் தங்கச்சி மாதிரி. (என் வீட்டுக்காரியிடம் இதைக் காட்டாதீர்கள்.)

யாரோ ஒரு புண்ணியவான் இடையில் கறுப்பு அடித்துவிட்டுப் போயிருக்கிறான். அடியில், வண்டி பிறந்தபோது அடித்த பச்சை அப்படியே இருக்கிறது. கறுப்பை எடுக்க வேண்டும், பச்சை போய்விடக் கூடாது. பிறகு பச்சையின் மேல் வெளுத்திருக்கிற தோலை மட்டும் மெல்லத் தேய்த்தெடுத்து, பாலிஷ் ஏற்ற வேண்டும். தூங்குகிற குழந்தைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி வேலை.

அதுவும் தண்ணீர் இல்லாமல். “ஒரு சொட்டு தண்ணி பட்டாலும் இடுக்குல போயி துரு ஏறிடும். காஞ்ச தேய்ப்புதான்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார் ஐயா. அப்படித் தேய்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் புழுதி, எது எந்த வண்ணம் என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நம்மிடம் ஒரு மீட்டர் இருக்கிறதே, நாக்கு! புழுதியை விரலில் தொட்டு நுனி நாக்கில் வைத்தால் கறுப்பு கசக்கும், பச்சை இனிக்கும். இனித்தால் கையை எடு. ஐயாவுக்குச் செய்து காட்டினேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அப்புறம் தலையாட்டினார்.

அவர் உள்ளே வருவதே இல்லை, மச்சான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மோதிரத்தால் தட்டுவார். சாப்பாடு, டீ எல்லாம் கண்ணாடியில் இருக்கிற ஒரு சின்னக் கதவு வழியாக வரும். மிருகக்காட்சிசாலையில் குழந்தை நிற்குமே, அப்படி நிற்கிறார். நானும் நடுநடுவே முகத்தைக் கோணிக் காட்டுகிறேன், பாவம், வந்ததற்கு ஏதாவது பார்க்கட்டும்.

எனக்கு முன்னால் ஒருவர் வேலை செய்து, வண்டியின் முன்பக்கம் மட்டும் கறுப்பை எடுத்திருக்கிறார். அவர் கையுறை இன்னும் அலமாரியில் கிடக்கிறது, விரல் மடங்கின வாக்கிலேயே காய்ந்துபோய். ஏன் பாதியில் போனார் என்று கேட்டேன். “அவருக்கு ஒத்துக்கல” என்றார் ஐயா.

இப்படிக்கு,
பனியன் திருடன்


ஜனவரி 18

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. பனியன்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். வண்டி துடைத்ததை நான் போடுவதாக இல்லை.

நான் பேசாததற்குக் காரணம் நீங்கள் மறந்திருந்தால் எழுதுகிறேன். நான் ராப்பகலாகத் தட்டி எடுத்த வெள்ளை வண்டியின் கதவை, வண்டிக்காரர் முன்னால் வைத்து, “கொசு கடிச்ச முதுகு மாதிரி இருக்கு” என்றீர்கள். அவர் சிரித்தார். கடைப் பையன்கள் சிரித்தார்கள். தெருவே சிரித்தது. நீங்கள் என் தங்கை புருஷன் என்பதால் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

அது இருக்கட்டும். தண்ணீர் இல்லாமல் தேய்க்கச் சொல்வது யார் புத்தி? நீங்களும் சரியென்று தேய்க்கிறீர்களா? ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். மூக்கில் துணி கட்டுங்கள். ஒருத்தன் பாதியில் விட்ட வேலையைத் தொடாதீர்கள் என்று கடையில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அதற்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தீர்கள்.

தங்கச்சி நன்றாக இருக்கிறாள். மூக்கு விஷயத்தைக் காட்டவில்லை. இப்போதைக்கு.

மச்சான்


பிப்ரவரி 4

அன்புள்ள மச்சானுக்கு,

கோபத்திலும் பதில் போட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் நிற்கிறீர்கள். நின்றுகொண்டே இருங்கள், உட்கார்ந்தால் நாற்காலி தாங்காது.

கூரை முடிந்தது. பின்புறம் முடிந்தது. அடியில் இருக்கிற பச்சையை நீங்கள் பார்க்க வேண்டும். கிளிப்பச்சை இல்லை, இலைப்பச்சை இல்லை. ஆழமான கிணற்றில் பாசி படிந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தால் ஒரு இருட்டுப் பச்சை தெரியுமே, அது. பாலிஷ் ஏற்றினதும் என் முகமே அதில் தெரிகிறது. கொஞ்சம் வெளுத்துப்போன முகமாகத்தான் தெரிகிறது. பச்சையில் பார்த்தால் யார்தான் சிவப்பாக இருப்பார்கள்?

ஜன்னல் பற்றிக் கேட்டேன். கண்ணாடி வழியாகவே பேச்சு.

“ஐயா, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டா மூச்சு விடலாம்.”

“தூசி வரும்.”

“உள்ள இருக்கிற தூசிக்கு அது எவ்வளவோ மேலுங்க.”

“இன்னும் கொஞ்ச நாள்தானே” என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவருக்குச் சளி போல. எப்போதும் கைக்குட்டை கையில்தான் இருக்கிறது.

ஒரு நாள் கை கழுவ வெளியே வந்தேன். எதிரில் வந்த ஐயா பின்னால் போய், பூந்தொட்டியில் இடித்துக்கொண்டார். மரியாதைக்காரர். நான் இதுவரை வேலை பார்த்த முதலாளிகளில் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினவர் இவர் ஒருவர்தான்.

என் வயிறுதான் வேலைநிறுத்தம் செய்கிறது. உள்ளே போவது வெளியே வரமாட்டேன் என்கிறது. தொப்புளைச் சுற்றி யாரோ துணி பிழிகிற மாதிரி ஒரு வலி வந்து வந்து போகிறது. சாப்பாடும் இறங்கவில்லை. ஆனால் ஒரு லாபம். டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதைக் குடித்தாலும் இனிக்கிறது. தண்ணீர்கூட இனிக்கிறது, மச்சான். நான் இப்போது சும்மா உட்கார்ந்து எச்சில் விழுங்கினாலே விருந்து.

உங்கள் தங்கச்சியிடம் வயிற்று விஷயத்தைச் சொல்ல வேண்டாம். கஷாயம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள்.

இப்படிக்கு,
கரும்புக் கட்டு


பிப்ரவரி 12

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் சிரித்தேன். அதை இங்கே எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இரண்டாம் தரம் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் இனிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் ஏன் இனிக்க வேண்டும்? வண்டியில் நாக்கை வைப்பதை விடுங்கள். எந்த ஊரிலும் எந்தப் பாலிஷ்காரனும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நீங்கள் ஒருவர்தான் வண்டியை நக்கிப் பார்ப்பவர். அதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு முன்னால் இருந்தவர் யார், பெயர் என்ன? அவருக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை? நீங்கள் கேட்கவில்லை என்றால் நான் விசாரிக்கிறேன். பழைய வண்டியில் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்.

தங்கச்சி நீங்கள் அவளுக்குப் போட்ட கடிதத்தைக் காட்டினாள். “என்னண்ணா, எழுத்தெல்லாம் கீழ சரியுது” என்றாள். அவர் படுத்துக்கொண்டு எழுதியிருப்பார் என்றேன். படுத்துக்கொண்டுதான் எழுதினீர்களா?

கடையில் சிரிப்புச் சத்தம் இல்லை. வேலை நன்றாக நடக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன்.

மச்சான்


பிப்ரவரி 27

மச்சானுக்கு,

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பனியன்கள் காணாமல் போனதற்குக் காற்றைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். காற்று பாவம். எடுத்தது நான்.

விசாரிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எதை விசாரிக்கிறீர்கள்? யாரைக் கேட்டு விசாரிக்கிறீர்கள்? இந்த வேலை என்னைத் தேடி வந்தது, உங்களைத் தேடி வரவில்லை, அதுதானே உங்களுக்கு வலி? நான் ஒரு தரமாவது தனியாக ஒரு வண்டியை முடித்துவிட்டால் உங்கள் சுத்தியலுக்கு மரியாதை போய்விடும். இத்தனை வருஷமாக உங்கள் மேடுபள்ளத்தை எல்லாம் என் பாலிஷ் போட்டு மூடினேன். ஊர் உங்களை மேஸ்திரி என்றது. என்னைத் துடைக்கிறவன் என்றது.

மன்னிக்கவும். தலை வலிக்கிறது. காலையிலிருந்தே வலிக்கிறது. நேற்றிலிருந்து என்று நினைக்கிறேன்.

வண்டியில் இன்னும் கறுப்பு இருப்பது முன்கதவு ஒன்றில். டிரைவர் பக்கம். மற்றதெல்லாம் பச்சைதான். நேற்று பாலிஷ் மிஷின் கையிலிருந்து நழுவிவிட்டது. நல்லவேளை, கால் மேல் விழுந்தது, வண்டி மேல் விழவில்லை. ஐயா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துடித்துப்போனார். வண்டிக்கு ஒன்றும் இல்லை என்று நான் சைகை காட்டின பிறகுதான் அவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். “உங்க கைக்கு ஈடு இல்லை” என்றார். நீங்கள் என்றைக்காவது அப்படி ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

இங்கே சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது இரண்டு சத்தம் போடுகிறது. ஒன்றுதான் கடிகாரம் என்று ஐயா சொல்கிறார்.

பனியன்கள் விஷயத்தைச் சொல்லிவிட்டேனா? நான்தான் எடுத்தேன்.

உங்கள் தங்கச்சியின் புருஷன்


மார்ச் 8

மாப்பிள்ளைக்கு,

திட்டியதற்கு நான் கோபப்படவில்லை. உட்கார்ந்து இதை முழுக்கப் படியுங்கள்.

பெயிண்ட் கடையில் கேட்டேன். “பச்சை வண்டி வீடா? அங்க இருந்தது நம்ம பவுடர்தான். இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு” என்றார்கள். எப்போதும் மேலெல்லாம் புழுதியாகத் திரிந்ததால் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். பவுடர் என்னைப் பார்த்து “வாங்க” என்று கையைத் தூக்கினார். முழங்கை எழும்பியது. மணிக்கட்டு எழும்பவில்லை. ஈரத் துணி கொடியில் கிடக்கிற மாதிரி தொங்கியது. இரண்டு கையும்.

நான் விஷயத்தைச் சொன்னேன்.

“உங்க மாப்பிள்ளை நாக்குல வச்சுப் பாக்குறாரா?” என்று அவராகவே கேட்டார்.

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நானும் அப்படித்தான். இனிக்குதாமா?”

அவர் மனைவி கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, “இவருக்கும் இனிச்சுதுங்க. கடைசியில தண்ணிகூட இனிக்குதுன்னாரு” என்றார்.

அந்தக் காலத்துப் பச்சையில் ஈயம் இருக்குமாம். ஈயம் இனிக்குமாம். ஈரமாகத் தேய்த்தால் சகதியாகக் கீழே போய்விடும். காய்ந்தபடியே தேய்த்தால் புழுதியாகக் கிளம்பி மூக்கில் போகும், சோற்றில் போகும், படுக்கையில் போகும். நீங்கள் போதாதற்கு நாக்கிலும் வைக்கிறீர்கள். முதலில் வயிறு கட்டுமாம். பிறகு தலைவலி, மறதி, காரணமில்லாத கோபம். கடைசியில் கை. இது பவுடருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சொன்னது. நேரத்தோடு விட்டால் கை திரும்பிவிடும் என்றும் சொன்னாராம். பவுடர் நேரத்தோடு விடவில்லை.

இன்னும் ஒன்று. அந்த டாக்டர் உங்கள் ஐயாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஐயா ஒரு காரியம் செய்தார். அதுவரைக்கும் அந்தக் கூடத்துக்கு முன்னால் வண்டி நுழைகிற மரக் கதவுதான் இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தார்.

பனியன் கதை உன் கடிதத்தில் இரண்டாம் தரம் வந்திருக்கிறது. அதே கடிதத்தில் மூன்றாம் தரமும் வந்திருக்கிறது. உனக்குத் தெரியுமா? தெரியாது. டேய், கல்யாணத்துக்கு அப்புறம் உன்னை நான் டேய் போட்டதில்லை, மாப்பிள்ளை மரியாதை என்று அடக்கி வைத்திருந்தேன். இப்போது போடுகிறேன். டேய், கிளம்பு. பெட்டியை எடுக்காதே, துணியை எடுக்காதே, அந்தப் புழுதி பட்ட ஒன்றையும் எடுக்காதே. கதவைத் திறந்துகொண்டு நட.

மச்சான்


மார்ச் 15

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் டேய் போட்டதைப் பார்த்ததும் எனக்கு மீசை முளைக்காத வயசு திரும்பிவிட்டது. அழுகைகூட வந்தது. வேர்வை என்று சொல்லிச் சமாளிக்க இங்கே ஆள் இல்லாததால், அழுகைதான்.

போன கடிதத்தில் என்ன எழுதினேன் என்று எனக்குத் தெளிவாக நினைவில்லை. கேவலமாக ஏதாவது இருந்தால் அது ஈயம் எழுதினது. கிண்டலாக இருந்தால் நான்.

வலது மணிக்கட்டு சரியில்லை. காலையில் எழுந்தால் மாமியார் வீட்டில் மரியாதை கிடைக்காத மருமகன் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறது. இடது கையால் தூக்கி நிறுத்தினால் நிற்கும். விட்டால் விழும். உங்கள் கடிதம் வந்த அன்று அதை அப்படித் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் கண்ணாடியைத் தட்டினேன். முதல் தரமாக நான் தட்டி ஐயா வந்தார்.

“பவுடரை எனக்குத் தெரியும்” என்றேன்.

கைக்குட்டையை மடித்தார். “நல்ல வேலைக்காரர்” என்றார்.

“அவருக்கு ஒத்துக்கலன்னீங்க.”

“ஒத்துக்கலதானே?”

“எனக்கும் ஒத்துக்கலைங்க. நான் கிளம்புறேன்.”

“தாராளமா. நான் யாரையும் பூட்டி வைக்கலையே” என்றார். உண்மைதான், மச்சான். கதவு பூட்டவே இல்லை. ஒரு நாளும் பூட்டினதில்லை. நான் கைப்பிடியில் கை வைத்தேன். பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார், “பவுடரும் இந்தக் கதவுகிட்டதான் விட்டுட்டுப் போனார். அந்த டிரைவர் பக்கக் கதவு. அதுக்கு யாரும் பொறக்கலைன்னு நினைச்சுக்கறேன்.”

திரும்பிப் பார்த்தேன். வண்டி முழுக்கப் பச்சை, அந்தக் கதவு மட்டும் கறுப்பு. சிரிக்கிற வாயில் ஒரு பல் சொத்தை மாதிரி.

என்னை முட்டாள் என்று நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் கேளுங்கள். என் ஆயுசில் நான் துடைத்த வண்டியெல்லாம் அடுத்த மழையில் சேறாகிவிட்டது. யாரும் நின்று பார்த்ததில்லை. இந்த ஒன்று சேற்றில் போகாது. கண்ணாடிக்குள் நிற்கும். நாளைக்கு யாராவது இதைப் பார்த்து யார் கை என்று கேட்பார்கள். பாதியில் விட்டால் பவுடர் கையும் இல்லை, என் கையும் இல்லை. ஒரே ஒரு கதவு. மூக்கில் ஈரத் துணி கட்டிக்கொண்டேன். நாக்கை வைக்கவில்லை, சத்தியம். எவ்வளவு இனித்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதோடு சரி.

முடித்துவிட்டு நடந்துவிடுவேன். உங்கள் தங்கச்சிக்கு வயிற்று வலி என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கதவுக்காரன்


மார்ச் 20

டேய்,

முடித்துவிட்டு நடக்கிறவன் கடிதம் போட மாட்டான். வீட்டுக்கு வந்து நிற்பான்.

தங்கச்சிக்கு எல்லாம் தெரியும். உன் கடிதங்களை எல்லாம் அவள் கையில் கொடுத்துவிட்டேன். மூக்கு உட்பட. அழவில்லை. “மூக்கு நீளம்னு எழுதின கையை நான் பாத்துக்கறேன். முதல்ல அந்தக் கையை முழுசா கொண்டு வாங்கண்ணா” என்றாள். பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள், தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள்.

புதன்கிழமை பஸ்ஸில் வருகிறேன். வியாழன் மத்தியானத்துக்குள் வாசலில் நிற்பேன். டாக்டரிடம் பேசி இடம் சொல்லி வைத்தாகிவிட்டது. நேராக அங்கேதான் போகிறோம்.

நான் வரும்வரைக்கும் அந்தக் கதவைத் தொடாதே. அது என்ன வண்ணத்தில் இருந்தால் என்ன? கறுப்பாகவே கிடக்கட்டும்.

அந்த வெள்ளை வண்டிக் கதவை வெயிலில் வைத்து, கண்ணை விளிம்போடு வைத்துப் பார்த்தேன். கொசு கடித்த முதுகுதான். அதற்கு நீ தேய்த்துப் போட்ட மினுக்கில் அது தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். உனக்கு ஈடு இல்லை என்று ஊரான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு. இப்போது சொல்லிவிட்டேன். அதற்காகவாவது வெளியே வந்து உட்கார்.

மச்சான்


மார்ச் 25

அன்புள்ள மச்சானுக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நாளைக்கு நீங்கள் வந்ததும் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். நேரில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், எனக்கு என் முறை வராது.

எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். பேனா விரலில் நிற்கவில்லை. வண்டியின் குரோம் பட்டைக்கு மேல் ஒட்டுகிற டேப்பை எடுத்து, பல்லால் கடித்து, பேனாவை ஆள்காட்டி விரலோடு சுற்றி ஒட்டிக்கொண்டேன். நல்ல பிடி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இப்படி ஒட்டிவிட்டிருந்தால் நான் இன்று கலெக்டர்.

கதவு முடிந்துவிட்டது. திட்டாதீர்கள், முடிந்துவிட்டது. கையால் முடியவில்லை, அதனால் உப்புத்தாளை முழங்கையோடு கட்டிக்கொண்டு தேய்த்தேன். கடைசிப் பாலிஷை உங்கள் பனியனை முன்கையில் சுற்றிக்கொண்டு போட்டேன். கைப்பிடிக்குக் கீழே இருக்கிற வளைவு சரியாக வருமா என்றுதான் பயம். வந்துவிட்டது. முன்னிருந்து பின்வரை ஒரே பச்சை, எந்த இடத்தில் யார் நிறுத்தினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பவுடரிடம் சொல்லுங்கள்.

இடது கையும் இன்று காலையிலிருந்து வலது கைக்குத் துணையாகச் சேர்ந்துகொண்டது. புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒன்றாகவே தொங்குகின்றன. நீங்கள் சொன்னபடி வெளியே போய் உட்காரலாம் என்று பார்த்தேன். கூடத்துக் கதவின் கைப்பிடி உருண்டை. பிடித்துத் திருப்ப வேண்டும். நேற்றுவரை இடது கை திருப்பிக் கொடுத்தது. பரவாயில்லை, நீங்கள் வெளியிலிருந்து திருப்பினால் திறந்துவிடும். பூட்டவில்லை.

ஐயா வந்து பார்த்தார். ரொம்ப நேரம் நின்றார். கண்ணாடியில் அவர் மூச்சுப் பட்டு ஆவி படிந்தது, அதைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நான் கதவைத் திறந்துவிடச் சொல்லி முழங்கையால் காட்டினேன். அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயமாக இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நேராகவே எழுதிவிடுகிறேன், உங்களிடம்தானே. நாளைக்குச் சீக்கிரமாக வாருங்கள்.

அது வரைக்கும் நிற்க முடியவில்லை. தரையெல்லாம் புழுதி. முடித்த வண்டிக்குள் உட்கார்ந்து காத்திருக்கலாம் என்று தோன்றியது. டிரைவர் பக்கம் கைப்பிடியை அழுத்தினால் போதும், திருப்ப வேண்டாம்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். இப்போதுதான் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

பேனா விரலிலேயே இருந்ததை நான் யோசிக்கவில்லை. கை கைப்பிடியில் நிற்காமல் கீழே விழுந்தது. விழும்போது பேனாவும் கூடவே போனது. கைப்பிடியிலிருந்து அந்த வளைவு வழியாகக் கதவின் அடிவரைக்கும் ஒரு கோடு விழுந்திருக்கிறது. நேரான கோடு. பேனா இன்னும் எழுதுகிறது.

ஐயா பார்த்துவிட்டார். வீட்டுக்குள் போய்விட்டு வந்தார். சின்னக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, புது உப்புத்தாள் ஒன்றை உள்ளே தள்ளிவிட்டு, மூடிக்கொண்டார்.